பிறந்த நாள் கேக்கில் வெட்டுண்ட விரல்!

பெட்டியைத் திறந்தால் உள்ளே அறுபட்ட விரல்கள் ஐந்து. நுனியில் நகம், அடியில் கசிந்து உறைந்த இரத்தம். பிறந்த நாள்காரர் திகைத்து நிற்க, சுற்றி நிற்கும் சக ஊழியர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பார்கள். விரல் என்பது பிஸ்கட், நகம், தோலுரித்த பாதாம் பருப்பு, இரத்தம், ஜாம்!

அக்டோபர் 31ஆம் தேதி மேல்நாட்டார் கொண்டாடும் 'ஹாலோவீன்' பேய்த் திருநாளுக்கென்று பிறந்த வேடிக்கை இது. அமெரிக்காவில் பூனை மலங்கழிக்கும் மணல் தட்டைப் போலவே ஒரு கேக் செய்கிறார்கள். உதிர்த்த கேக்கும் பொடித்த பிஸ்கட்டும் மணல். மிட்டாயைச் சூட்டில் இளக்கி உருட்டினால் மற்றது. (மேற்கொண்டு விவரம் வேண்டாம், வாசகர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.)

கேக்கில் வித்தை காட்டுவது பெங்களூருக்குப் புதிதல்ல. 1975இல் தொடங்கி ஆண்டு முடிவில் நடந்துவரும் கேக் கண்காட்சியில் கோட்டைகளையும் மாளிகைகளையும் சர்க்கரையிலேயே எழுப்பி வைக்கிறார்கள். அது தேர்ந்த கைகளின் வேலை. ஒக்கலிபுரத்து வாடகை வீட்டுச் சமையலறைக்கு விரல் போதும்.

மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை மூன்றையும் பிசைந்து, விரலைவிட மெல்லியதாக உருட்ட வேண்டும். வேகும்போது மாவு பருத்துவிடும். கவனிக்காவிட்டால் விரல் வாழைப்பழமாகிவிடும்! கணுக்களுக்குக் கத்தியால் கீறல், நுனியில் பாதாம். அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டு வைத்து மூடிச் சுடலாம். ஆறியபின் பாதாமை மெல்ல எடுத்து, அடியில் ஜாம் வைத்து அழுத்தினால் நகத்தைச் சுற்றி 'இரத்தம்' கசியும். இவற்றை ஐயங்கார் பேக்கரி 'ஹனி கேக்'கின்மேல் அடுக்கலாம். முட்டை சேராதது, மேலே சிவப்பு ஜாம் பூச்சும் உண்டு. சைவ நண்பருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

இந்தச் சிவப்பில்தான் உண்மையான பயம் இருக்கிறது. இரத்தம் எடுப்பாக இருக்க வேண்டுமென்று சாயத்தைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூர்க் கேக் மாதிரிகள் 235ஐச் சோதித்ததில், 12இல் செயற்கைச் சாயங்களைக் கண்டு எச்சரித்தது. 'ரெட் வெல்வெட்', 'பிளாக் ஃபாரஸ்ட்' போன்றவற்றில் இவை மிகுதி என்றும் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில், துணிச்சாயமான ரோடமின்-பி பஞ்சுமிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, மாநிலத்தில் தடை வந்தது. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் கருஞ்சிவப்புப் பாகு கிடைக்கும். உண்மையில் உறைந்த இரத்தத்துக்கு இதுவே பொருத்தமான நிறம். கடைச் சாயத்தின் பளபளப்பு நாடகக் கொட்டகைக்கே உரியது.

இன்னொன்று: கேக் யாருக்கு என்று பார்த்துச் செய்ய வேண்டும். கோப்பு புரட்டும் அலுவலகத்தில் விரல் கேக் சிரிப்பு. இயந்திரப் பட்டறையிலும், வண்டிப் பெட்டிகளை இணைக்கும் ரயில்வே ஊழியர் மத்தியிலும் அது சிரிப்பல்ல. கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே கையை விட்டு வேலை செய்கிறவருக்கு அந்தப் பெட்டி என்ன நினைவைக் கிளப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பக்கத்து மேசைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலும் வேண்டாம்.

அங்கெல்லாம் விரலை விட்டுவிட்டுக் கரப்பான்பூச்சி செய்யலாம். பேரீச்சம்பழத்தில் கொட்டையை நீக்கி, முந்திரியைத் திணித்து, சேமியாவை வறுத்து மீசையாகச் செருகினால் முடிந்தது. மங்கிய விளக்கில் அசல் தோற்றுவிடும். ஒக்கலிபுரத்து வீடுகளில் வசிப்பவர்களுக்கு மாதிரி பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை.