சைக்கிளில் மலை ஏறுவது பெரிதல்ல, இறங்கும்போதுதான் உஷார்!

மெரீனா முதல் கொல்லிமலை வரை 4 பாதைகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை கிழக்குக் கடற்கரை சாலைக்குப் போனால், சாரை சாரையாக சைக்கிள்கள் போவதைப் பார்க்கலாம். வாரம் பூராவும் ஆபீசில் பேனா பிடிப்பவர், கடையில் தராசு பிடிப்பவர், கல்லூரி மாணவர் எல்லாரும் அதில் உண்டு. பெண்களும் உண்டு.

காசு செலவில்லாத பொழுதுபோக்கு. உடம்புக்கும் நல்லது. ஆனால், புதிதாக ஓட்டுகிறவர்கள் சிலர் எடுத்த எடுப்பிலேயே மலைக்குக் கிளம்பி விடுகிறார்கள். "ஏறுறதுதான் கஷ்டம், இறங்குறப்போ வண்டி தானா உருண்டுடும்" என்று கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்குதான் ஆளை விழுங்கும்!

எந்தப் பாதை யாருக்கு ஏற்றது? விவரம் வருமாறு:-

முதல் படி மெரீனா

கையில் சைக்கிள் வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் மெரீனா கடற்கரை சாலை. நேப்பியர் பாலத்தில் இருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கிலோ மீட்டர். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. சூரியன் கடலில் இருந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். தெம்பு இருந்தால் சாந்தோம், அடையாறு வழியாக பெசன்ட் நகர் வரை நீட்டலாம்.

இங்கேயே 3 காரியங்களைப் பழகிவிட வேண்டும். ஒரு கையால் ஓட்டியபடி மறு கையால் சைகை காட்டுவது. வண்டி ஆடாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பது. 2 பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது.

சீட் உயரமும் முக்கியம். பெடலை அடிவரை இறக்கி அதில் குதிகாலை வைத்தால், கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலி நிச்சயம்.

காற்று செய்யும் மோசடி

அடுத்தது மாமல்லபுரம். திருவான்மியூரில் இருந்து சுமார் 45 கிலோ மீட்டர். நீலாங்கரை, முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று வழியெல்லாம் வேடிக்கைதான். முட்டுக்காடு பாலத்தில் நின்று காயலைப் பார்த்தால் களைப்பு பறந்துவிடும்.

சாலை மட்டமானது. ஆனால் காற்று பொல்லாதது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், போகும்போது காற்று முதுகைத் தள்ளும். "அடடா, நம்ம காலுக்கு இவ்வளவு பலமா!" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். பாதி பலத்தைத் திரும்புவதற்கு மிச்சம் வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

கார்கள் பறக்கிற சாலை இது. இருட்டில் கிளம்பினால் பின்பக்கம் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். 2 பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓட்டக்கூடாது. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது நல்லது.

ஏலகிரியின் 14 வளைவுகள்

இந்த இரண்டும் பழகிய பிறகுதான் மலை. சென்னைக்காரர்களுக்கு வசதியானது ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரெயிலில் போகலாம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், கம்பர், பாரி, ஓரி என்று புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டி இருக்கிறார்கள்.

கியர் சைக்கிளாக இருந்தால் அடிவாரத்திலேயே லேசான கியருக்கு மாற்றிவிட வேண்டும். மூச்சு வாங்கிய பிறகு மாற்றினால் செயின் சிக்கும். பாம்பு போல வளைந்து வளைந்து ஏறக்கூடாது. பின்னால் பஸ் வரும். குரங்குகள் உண்டு. தின்பண்டத்தைக் கையில் காட்ட வேண்டாம்.

கொல்லிமலையில் 70

கடைசியில் வருவது கொல்லிமலை. நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட மலை. மேலே அறப்பளீசுவரர் கோவிலும், ஆகாய கங்கை அருவியும் இருக்கின்றன. ஒரு வளைவு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பல மாதம் பழகியவர்களுக்கே இது ஏற்றது.

எமன் எங்கே?

ஏறும்போது வேகம் கிடையாது. கால் ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது வண்டி நம் பேச்சைக் கேட்காது.

பயத்தில் பலர் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார்கள். பிரேக் கட்டை உரசி உரசி ரிம் சூடேறுகிறது. பிரேக் பிடிக்காமல் போகலாம். டியூப் வெடிக்கவும் செய்யலாம். வளைவில் அப்படி ஆனால் என்ன கதி?

எனவே, பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; வளைவுக்குள் போய் திடீர் பிரேக் போடக்கூடாது. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புறத் தள்ளும். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சறுக்கும். சரிவில் உடம்பைச் சற்று பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும்.

குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை. 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதியும் அதைத்தான் சொல்கிறது. பஸ் ஏறி வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவதே புத்தி.

கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிள் மெரீனாவுக்குப் போதும். மலை இறக்கத்துக்கு உதவாது. மழையில் ரிம் நனைந்தால் அந்த பிரேக் இன்னும் மோசம்.

தள்ளினால் தப்பில்லை

சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். பார்க்கிறவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!

கிளம்பும் முன் பிரேக் கட்டை, பிரேக் ஒயர், டயர் காற்று இந்த மூன்றையும் பார்ப்பதற்கு 5 நிமிடம் போதும். ஹெல்மெட், பஞ்சர் சாமான், கைப்பம்பு, தண்ணீர் கூடவே இருக்க வேண்டும்.

தேய்ந்த பிரேக் கட்டையை மாற்ற ஆகிற செலவு, ஒரு வேளை டிபன் செலவுதான். அதை மிச்சம் பிடித்து மலைக்குப் போக வேண்டாம்.