ஏழாவது ஆள் வரும்வரை

செனெகலில் வண்டி புறப்பட நேரம் கிடையாது, ஆள்தான் கணக்கு. டக்காரை ஒட்டிய பிக்கின் வண்டிப்பேட்டையில் ஊர்வாரியாகப் பழைய பெஜோ 504 கார்கள் வரிசைகட்டி நிற்கும். பெயர் ‘செத் பிளாஸ்’. பிரெஞ்சில் ஏழு இருக்கை என்று பொருள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு மூவர். ஏழாவது ஆள் ஏறாமல் வண்டி நகராது. டிக்கெட் விலை எல்லோருக்கும் ஒன்றே, மூட்டைக்குத்தான் பேரம்.

கோரே தீவையும் செயின்ட் லூயியின் 1897-ஆம் ஆண்டு இரும்புப் பாலத்தையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. தனியாகச் சுற்றுகிறவருக்கு இந்தப் பேட்டைதான் செனெகல். விருந்தோம்பலுக்கு அங்கே ‘தெராங்கா’ என்று பெயர். கால்பந்து அணியே ‘தெராங்கா சிங்கங்கள்’தான். ஓட்டலில் அது வரவேற்பு மேசையோடு முடிந்துவிடும். பேட்டையிலோ விலை கேட்கும் முன் நலம் விசாரிக்க வேண்டும். ‘நங்கா டெஃப்?’ என்று கேட்டால், ‘மாங்கி ஃபி ரெக்’ என்று பதில் வரும். ‘இங்கேதான் இருக்கேன்’ என்று அர்த்தம். நம்ம ஊர் ‘ஏதோ இருக்கேன்’ போல. ஆனால் அலுப்பு இல்லாமல். பிறகு அத்தாயா தேநீர், மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப்போக இனிக்கும்.

மதியமானால் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவார்கள். ‘காய் லெக்’, வா சாப்பிடு. மீனும் சோறுமான செபு ஜென். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு முழு அரிசி ஆகாது, நொய்தான் வேண்டும். நாம் கஞ்சிக்கு ஒதுக்கும் நொய்யை அவர்கள் இந்தியாவிலிருந்தும் வாங்குகிறார்கள். உங்கள் முன்னால் இருப்பதை மட்டும் எடுங்கள், வலது கையால். நல்ல மீன் துண்டு தானாக உங்கள் பக்கம் தள்ளப்படும்.

எத்தனை நாளைக்கு இது? 2021 இறுதியில் டக்காரில் புதிய புறநகர் ரயில் வந்தது. 2024-இல் மின்சாரப் பேருந்து. நீலமும் மஞ்சளுமான ‘கார் ரப்பீடு’ வேன்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. பெல்ட் இல்லாத கிழட்டு வண்டியில் உயிரைப் பணயம் வைப்பானேன் என்பவர்களும் உண்டு; நியாயம்தான். ஆனால் குறித்த நேரத்துக்குக் கிளம்பும் குளிர்வண்டியில் யார் யாருக்குத் தேநீர் ஊற்றப்போகிறார்கள்? அவரவர் கையில் அவரவர் போன்.

போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். முன்சீட்டு வேண்டுமென்றால் விடியும் முன்பே பேட்டையில் இருங்கள், சில்லறை அவசியம்.