எட்டு ஜிபி போதுமா? நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

2016 ஜூனில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1070 கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி மெமரி இருந்தது. அறிவிக்கப்பட்ட விலை 379 டாலர். 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை இரண்டு வகைகளில் வெளியிட்டது. அதில் குறைந்த வகைக்கும் அதே 8 ஜிபி, அதே 379 டாலர். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் சில்லின் வேகம் பல மடங்கு கூடிவிட்டது, கேம்களின் காட்சி நுணுக்கமும் கூடிவிட்டது. மெமரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஏஎம்டியின் கதையும் வேறல்ல. 2016-ல் 239 டாலருக்கு ஆர்எக்ஸ் 480 கார்டை 8 ஜிபியுடன் விற்ற நிறுவனம், 2025 ஜூனில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 8 ஜிபி வகையை 299 டாலருக்குக் கொண்டுவந்தது. இந்தியச் சந்தையில் சுமார் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரையிலான கார்டுகளை நடுத்தர விலை என்று எடுத்துக்கொண்டால், அந்த வட்டத்துக்குள் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது மெமரியின் அளவைத்தான். எந்த நிறுவனம், எத்தனை விசிறி, விமர்சன அட்டவணையில் எத்தனை பிரேம் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள்.

ஏன் என்பதற்கு, கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காட்சியை வரையத் தேவையான எல்லாமே கார்டின் சொந்த மெமரியில் இருந்தாக வேண்டும்: சுவரின் காரை, மரப்பட்டை, முகத்தின் தோல் என்று பரப்புகளின் மேல் போர்த்தப்படும் டெக்ஸ்ச்சர் படங்கள், உருவங்களின் வடிவக் கணக்கு, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் இருந்தால் அதற்கான கூடுதல் தரவு. இத்தனையும் இடத்துக்குள் அடங்கும் வரை சிக்கல் இல்லை. அடங்காதபோது மிச்சத்தைக் கணினியின் பொது ரேமில் வைத்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டின் பிசிஐஇ இணைப்பு வழியாக இழுத்துவர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி தரவை எடுக்க முடியும். பிசிஐஇ 5.0 மதர்போர்டில் அந்தக் கார்டு பயன்படுத்தும் எட்டு தடங்கள் வழியே ஒரு திசையில் வருவது நொடிக்குச் சுமார் 32 ஜிபி, அதாவது பதினான்கில் ஒரு பங்கு. நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடிதான். அந்த இடைவெளிக்குள் வெளியிலிருந்து தரவு வந்துசேரவில்லை என்றால் காட்சி ஒரு கணம் உறைந்து பிறகு குதிக்கிறது. சில கேம்கள் உறைவதற்குப் பதிலாக மங்கலான டெக்ஸ்ச்சரைப் போட்டு ஒப்பேற்றிவிடும். 2023 பிப்ரவரியில் வந்த ஹாக்வார்ட்ஸ் லெகஸி, மார்ச்சில் கணினிக்கு வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் ஆகியவற்றில் 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் இந்த இரண்டையும் நிறையவே பார்த்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சராசரி பிரேம் எண்ணிக்கை இந்தக் கோளாறை மறைத்துவிடக்கூடும் என்பது. விமர்சனம் படிக்கும்போது சராசரியை விட, மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களைக் காட்டும் எண்ணையே நம்ப வேண்டும்.

மெமரிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேமின் செட்டிங்ஸ் பட்டியலில் நிழல், ஒளிச்சிதறல், ரே டிரேசிங் என்று எதைக் கூட்டினாலும் பிரேம் வேகம் சரியும். டெக்ஸ்ச்சர் தரம் அப்படியல்ல. மெமரியில் இடம் இருக்கும் வரை அதை உச்சத்தில் வைத்தாலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்ணுக்கு முதலில் தெரியும் மாற்றமும் அதுதான். வேகம் குறைந்த கார்டானாலும் மெமரி தாராளமாக இருந்தால், நிழலையும் ரே டிரேசிங்கையும் குறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தெளிவான படத்தோடு விளையாடலாம். வேகம் இருந்து மெமரி இல்லாத கார்டுக்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் 8 ஜிபியிலேயே நிற்கின்றன? கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, கட்டமைப்பும் அதில் கலந்திருக்கிறது. ஒவ்வொரு மெமரி சில்லும் 32 பிட் அகலத்தில் மையச் சில்லோடு இணைகிறது. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 192 பிட் பாதை என்பதால் ஆறு சில்லுகள், ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஆக 12 ஜிபி. அடுத்து 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்குப் பாதை 128 பிட்டாகக் குறுக்கப்பட்டது. நான்கு சில்லுகள், 8 ஜிபி. பாதையைக் குறுக்கினால் மையச் சில்லின் பரப்பு குறையும், தயாரிப்புச் செலவும் குறையும். அதற்குமேல் மெமரி வேண்டுமென்றால் கார்டின் பின்பக்கமும் நான்கு சில்லுகளைப் பதித்து 16 ஜிபி ஆக்க வேண்டும். இந்த வரிசையில் 8-க்கும் 16-க்கும் நடுவே ஒரு நிறுத்தம் இல்லாததன் காரணம் இதுதான். ஆனால் பாதையைக் குறுக்கியது இயற்கையின் நியதி அல்ல, நிறுவனம் எடுத்த முடிவு. முந்தைய தலைமுறையில் 12 ஜிபி கொடுத்த அதே வரிசைப் பெயரில் அடுத்த தலைமுறையில் 8 கொடுப்பது பின்னடைவுதான் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

கடந்த காலம் என்ன காட்டுகிறது? ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 2016-ல் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வகையாக வந்தது, முதலாவது 249 டாலர், அடுத்தது 199 டாலர். அன்றைய கேம்களில் வேக வித்தியாசம் சிறிது என்பதால் 3 ஜிபி வகையே லாபம் என்று பலர் வாங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கார்டு டெக்ஸ்ச்சருக்குத் திணறத் தொடங்கியது. 6 ஜிபி வகை அதைவிட நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அடுத்தது 2020-ன் இறுதியில் 399 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு வந்த 3060-ஐ விட அது வேகமான கார்டு, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு 8 ஜிபி, இதற்கு 12. மெமரி நிரம்பாத கேம்களில் இன்றும் 3060 டிஐதான் முந்துகிறது. நிரம்பும் கேம்களில், உச்ச டெக்ஸ்ச்சரில், மெதுவான கார்டு சீராக ஓட வேகமான கார்டு தடுமாறுகிறது. 2023-லிருந்து இந்தத் தலைகீழ் நிலை அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் கன்சோல்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி பொது மெமரி. எக்ஸ்பாக்ஸில் அதில் 13.5 ஜிபி கேமுக்கே கிடைக்கிறது. பழைய தலைமுறைக் கன்சோல்களுக்காகக் கேம் தயாரிப்பதை ஸ்டுடியோக்கள் கைவிட்டதும், அந்த அளவை மனத்தில் வைத்துச் செய்த கேம்கள் கணினிக்கும் வந்துசேர்ந்தன.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பெரும்பாலோர் இன்னும் 1080பி திரையில்தான் விளையாடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபிக்கு மேல் பயனில்லை என்று ஏஎம்டியின் ஃபிராங்க் அசோர் 2025 மே மாதம் வெளிப்படையாகவே சொன்னார். முதல் பாதி உண்மை. ஸ்டீம் கேம் தளத்தின் பயனர் கணக்கெடுப்பில் 1080பி திரைகளே அதிகம். வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவற்றையே ஆடுபவருக்கு 8 ஜிபி தாராளம் என்பதும் உண்மை. ஆனால் அவற்றை மட்டுமே ஆடுபவருக்கு இந்த விலைக் கார்டே தேவையில்லை. அதைவிடக் குறைந்த விலையிலோ, உத்தரவாதமுள்ள பழைய கார்டிலோ அவர் வேலை முடிந்துவிடும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுப்பவர் பெரிய, புதிய கேம்களுக்காகத்தான் கொடுக்கிறார். அந்தக் கேம்களில் 1080பி திரையிலேயே 8 ஜிபி நிரம்பும் நிலை வந்துவிட்டது. திரையின் அளவைக் குறைத்தாலும் டெக்ஸ்ச்சர் படங்களின் அளவு குறைவதில்லை.

செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டால் போயிற்று என்பது அடுத்த மறுப்பு. நான்கு வருடம் பழகிய கார்டில் அது நியாயம். பெட்டி பிரித்த முதல் மாதத்திலேயே குறைக்க வேண்டுமானால், சில்லின் வேகத்துக்காகக் கொடுத்த பணம் வீணாகிறது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் சிறிய படத்தை வரைந்து பெரிதாக்குவதால் மெமரி மிச்சமாகும் என்பார்கள். ஓரளவு மிச்சமாகும். ஆனால் அதே தொகுப்பில் விற்கப்படும் பிரேம் ஜெனரேஷன், அதாவது இரண்டு பிரேம்களுக்கு இடையே புதிய பிரேமைச் செருகும் வசதி, தன் பங்குக்குக் கூடுதல் மெமரியைக் கேட்கிறது. ரே டிரேசிங்கும் கேட்கிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகியவற்றில் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுக்கு இடமே இல்லை. விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும் வசதிகளைத்தான் 8 ஜிபி கார்டு முதலில் இழக்கிறது.

மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்கிறேன்: வேகமில்லாத கார்டில் மெமரியைக் கொட்டிப் பயனில்லை, அதற்காக எவ்வளவு விலை வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. 2023-ல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபி 399 டாலருக்கும் 16 ஜிபி 499 டாலருக்கும் வந்தபோது, இடைவெளி கால் பங்கு. அன்று அதை வீண்செலவு என்று விமர்சகர்கள் சொன்னது சரி. 499 டாலருக்கு அதே ஆண்டு ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 16 ஜிபியோடும் இன்னும் அதிக வேகத்தோடும் வந்தது. 2025-ல் கணக்கு மாறிவிட்டது. 5060 டிஐயின் இரு வகைகளுக்கும் இடைவெளி 50 டாலர், அதாவது 13 சதவீதம். 9060 எக்ஸ்டியிலும் 50 டாலர்தான், 17 சதவீதம். 32,000 ரூபாய்க் கார்டு மூன்று வருடத்தில் சலித்துப்போகிறது, 38,000 ரூபாய்க் கார்டு ஐந்து வருடம் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு வருடச் செலவு 10,667 ரூபாய், பின்னதற்கு 7,600. பழையதாக விற்கும்போது கிடைக்கும் விலையையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். விலை இடைவெளி ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் வரை 16 ஜிபியே வாங்கலாம், அதைத் தாண்டினால் மறுபடி யோசிக்கலாம் என்பது என் அளவுகோல். 2025-ன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் தேவையால் மெமரி சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. இரட்டிப்புச் சில்லுகள் கொண்ட 16 ஜிபி கார்டுகளின் மேல்தான் அந்தச் சுமை கூடுதலாக விழும். ஆகவே வாங்கும் நாளன்று இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

கடையில் ஏமாறுவதற்கு எளிதான இடம் பெயர்தான். இரண்டு 5060 டிஐ கார்டுகளுக்கும் ஒரே பெயர், இரண்டு 9060 எக்ஸ்டி கார்டுகளுக்கும் ஒரே பெயர். 2022 அக்டோபரில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4080 குழப்பம் தருகிறது என்று கண்டனம் எழுந்ததும் என்விடியா அதை வெளியிடாமலே விலக்கிக்கொண்டது. விலை குறைந்த கார்டு வாங்குபவருக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. 5060 டிஐயின் 8 ஜிபி வகை வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போகவும் இல்லை. இணையக் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை கேட்கும்போது பெயரோடு மெமரி அளவையும் சேர்த்துச் சொல்லி, பில்லிலும் அதை எழுதி வாங்க வேண்டும். மூன்று விசிறி, வண்ண விளக்கு, தொழிற்சாலையிலேயே ஏற்றிய வேகம் என்று விலை கூட்டிய 8 ஜிபி கார்டு, எளிய இரண்டு விசிறி 16 ஜிபி கார்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதும் உண்டு. 160 முதல் 180 வாட் வரை எடுக்கும் இந்தச் சில்லுகளுக்கு இரண்டு விசிறி போதும்.

மெமரியை முடிவு செய்தபின் மற்றவை சுலபம். கேம் மட்டுமே நோக்கம் என்றால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி பணத்துக்கு ஏற்ற கார்டு, எஃப்எஸ்ஆர் 4 வந்தபின் பெரிதாக்கிய படத்தின் தரமும் நன்றாகவே இருக்கிறது. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவு மாடல்கள் என்று வேறு வேலையும் உண்டென்றால் கூடுதல் பணம் கொடுத்து 5060 டிஐ 16 ஜிபி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அவ்வளவு தொகை இல்லாதவர் 249 டாலருக்கு அறிவிக்கப்பட்ட இன்டெல் ஆர்க் பி580-ஐப் பார்க்கலாம். 12 ஜிபி மெமரி, 192 பிட் பாதை. ஆனால் பழைய பிராசசரோடு சேர்ந்தால் அது கணிசமாக வேகம் இழக்கும், கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி பயாஸில் இல்லாத மதர்போர்டுக்கு அது வேண்டாம். பி450 போன்ற பிசிஐஇ 3.0 மதர்போர்டு வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5060 டிஐயின் எட்டு தடங்கள் அங்கே நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் கொண்டுவரும், கார்டின் சொந்த மெமரி வேகத்தில் ஐம்பத்தாறில் ஒரு பங்கு. மெமரி நிரம்பும்போது புது மதர்போர்டில் லேசான தடுமாற்றமாக இருப்பது அங்கே ஆடவே முடியாத நிலையாகிவிடும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு தடங்கள் இருப்பதால் அதே பழைய மதர்போர்டில் அதற்கு இரு மடங்கு கிடைக்கிறது.