எம்.சி.யில் தலை இருக்கிறதா, பாருங்கள்

பினாங்கின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் பெண்கள் வழியில் விழுந்தால், முதலில் மோட்டாரைப் பார்க்கிறார்கள், அப்புறம் முழங்காலை. தலை தார்ச்சாலையில் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. கோடாலித் தைலம், இரண்டு பனடோல், மறுநாள் காலை மறுபடியும் வேலை. கிளினிக்குக்குப் போனாலும் எம்.சி. என்ற மருத்துவச் சான்றிதழில் முழங்கால் சிராய்ப்பு என்று மட்டும் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் தலைவலி, மறதி, தூக்கமின்மை என்று வரும்போது அதே எம்.சி.யைத்தான் நீட்டுகிறார்கள். அதில் தலையே இல்லை.

‘லேசான தலைக்காயம்’ என்று டாக்டர் சொல்வது முதல் சில மணி நேர நிலையை வைத்துத்தான். கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 15க்கு 13 முதல் 15 வரை இருந்தால் அது லேசானது. அந்த மதிப்பெண்ணுக்கு அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்று பொருள். மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.

இதில் பெண்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களை வளர்த்து, ஒரே அளவு விசையில் இழுத்துப் பார்த்தார்கள். பெண் அணுக்களின் இழைகள் மெல்லியவை, உள்ளே அவற்றைத் தாங்கும் நுண்குழாய்களும் குறைவு, அதனால் கூடுதலாகச் சேதமடைந்தன. 2021இல் வெளியான அமெரிக்காவின் டிராக்-டிபிஐ ஆய்வில், லேசான காயத்துக்குப் பின் ஓராண்டு வரை மறதியும் உடல் உபாதைகளும் பெண்களிடம் அதிகம் நீடித்தன. 35 முதல் 49 வயதுப் பெண்களிடம் பாதிப்பு மிக அதிகம். அதே ஆண்டு வந்த ஆரிக் ஆய்வு சுமார் 14,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தலையில் அடிபட்ட பெண்களுக்கு, அடிபடாத பெண்களைவிட டிமென்ஷியா வரும் அபாயம் 69 விழுக்காடு கூடுதல். ஆண்களிடம் அந்த வித்தியாசம் 15 விழுக்காடுதான். லேசானது, பலமானது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இரண்டாவது முறை அடிபட்டால் அபாயம் இரட்டிப்பையும் தாண்டுகிறது.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. 2018இல் டென்மார்க்கில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோது டிமென்ஷியா அபாயம் ஆண்களுக்குத்தான் சற்றுக் கூடுதல். ஆகவே பெண் மூளை பலவீனம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அடிபட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு டிமென்ஷியா வரப்போவதும் இல்லை. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய ஒன்றுக்கு இன்றைக்கே தாள் வேண்டும். நம் ஆட்கள் கோட்டை விடுவது அதில்தான்.

முதல் 48 மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கட்டி, வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். பாட்டி திடீரென்று குழம்பிப் பேசினால் வயசு என்று தள்ளிவிடாதீர்கள். போன மாதம் குளியலறையில் வழுக்கினாரா என்று கேளுங்கள்.

இனி தாள்கள். டாக்டரிடம் தலையில் அடிபட்டது என்று மலாயில் சொல்லுங்கள்: ‘கெப்பாலா சாயா தெர்ஹந்துக்.’ அதை அவர் எழுதினாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். கூச்சப்பட வேண்டாம். சில நிமிடம் நினைவு தப்பியிருந்தால், விழுந்த கணம் ஞாபகத்தில் இல்லையென்றால், அதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் விட்டுப்போனால், அதே வாரம் அதே கிளினிக்குக்குத் திரும்பிப் போய், இன்ன தேதி விபத்தில் தலையில் அடி, இப்போது இன்ன உபாதை என்று புதிதாகப் பதிய வைக்கலாம். சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். அதிலும் தலையைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலையிடக் காயத் திட்டத்தில் அடங்கும். சொக்சோ என்றால்தான் பலருக்குப் புரியும். சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கடைக்குப் போய்வரும் வழியும் சேர்த்திதான். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவித்தாக வேண்டும். ‘சும்மா சிராய்ப்புதானே லா, எதுக்குப் பாரம்’ என்று சூப்பர்வைசர் சொன்னால் சரியென்று தலையாட்டாதீர்கள். அறிவிக்காவிட்டால் தவறு அவர்களுடையது, நஷ்டம் உங்களுடையது. அவர்கள் மறுத்தால் நீங்களே செபராங் ஜெயாவில் இருக்கும் பெர்கேசோ அலுவலகத்துக்குப் போகலாம், 1-300-22-8000க்கு அழைக்கலாம். அடையாள அட்டை நகல், எம்.சி., அந்த மாத வருகைப் பதிவு, போலீஸ் புகார், வீட்டிலிருந்து வேலையிடம் வரை போகும் வழியின் வரைபடம், இவ்வளவும் கையில் இருக்கட்டும். அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும்.

அந்த வரைபடத்தில்தான் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பயணம் இடையில் நிற்கவோ வழி மாறவோ கூடாது என்கிறது சட்டம். நம் பெண்கள் வீடு திரும்பும் வழியில் பாசார் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வீடு இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் இதை நினைத்ததாகத் தெரியவில்லை. அதற்காக நேர்வழியில் போனதாகப் பொய்க் கோடு போடாதீர்கள். போலீஸ் புகாரில் இடம் ஒன்று, வரைபடத்தில் வேறு ஒன்று என்றால் மனு அங்கேயே விழுந்துவிடும். தினமும் போகும் வழி என்றால் அப்படியே எழுதிக் கொடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் அதற்குத்தான் இருக்கிறது.

வீட்டிலேயே இருப்பவர்களுக்கு 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. 55 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாம், ஆண்டுக்கு 120 வெள்ளி. கணவரோ பிள்ளையோ கட்டலாம். அடுப்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டாலும் இது கைகொடுக்கும், ஆனால் விழுவதற்கு முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும். விழுந்த பிறகு கட்டப் போகாதீர்கள்.

எல்லா அடியும் சாலையில் விழுவதில்லை என்பதும் தெரியும். கணவன் அறைந்து சுவரில் மோதிய தலையைக் ‘கதவில் இடித்துக்கொண்டேன்’ என்று டாக்டரிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அடி ஒரு முறையோடு நிற்பதும் இல்லை. இரண்டாவது அடிக்கான கணக்கை மேலே பார்த்தோம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற நெருக்கடி உதவி மையம் எங்கே என்று கேளுங்கள். தனியாக உட்காரவைத்துக் காயங்களைப் பதிவு செய்வார்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையமும் உதவும். உடனடிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சமூகநலத் துறை அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், கோர்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நிரந்தரப் பாதிப்பு என்று பெர்கேசோவின் மருத்துவ வாரியத்துக்குப் போகும் நாளில் தனியாகப் போகாதீர்கள். மறதிக்காரர் தன் மறதியைச் சொல்ல மறந்துவிடுவார். எரியும் அடுப்பை எத்தனை முறை மறந்தார், எந்தச் சந்திப்பில் வழி தெரியாமல் நின்றார் என்று தேதியோடு எழுதிய குறிப்போடு வீட்டில் ஒருவர் கூடப் போகட்டும். வாரியம் போட்ட பாதிப்பு விழுக்காடு குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.