பிசிபி டிசைன்: பைலை அனுப்பும் முன் பேப்பரில் பாருங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் கேபினட்டைத் திறக்கும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பச்சை நிறத்தில் பெரிய அட்டை ஒன்று இருக்கும். அதன் மேல் ஓடும் மெல்லிய கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. ஒவ்வொரு கோடும் ஒரு செம்புப் பாதை. வயருக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது. இந்த அட்டைக்குத்தான் பிரிண்டட் சர்க்யூட் போர்டு, சுருக்கமாக பிசிபி என்று பெயர்.

இதனை வடிவமைக்கப் பெரிய கம்பெனியும் விலை உயர்ந்த சாப்ட்வேரும் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். சாப்ட்வேரும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் வரைந்த பைலைப் போர்டு செய்பவருக்கு அனுப்பும் முன் சில விஷயங்களைக் கவனிக்காவிட்டால், பணமும் நாளும் வீணாகும். அது எனக்கு நேர்ந்தது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நான் பட்ட பாடு

கல்லூரி இறுதி ஆண்டில் நாங்கள் மூவர் சேர்ந்து, தொட்டி நிரம்பியதும் ஒரு சிறிய 12 வோல்ட் பம்பை நிறுத்தும் சர்க்யூட் ஒன்றைச் செய்தோம். பிரெட்போர்டில் நன்றாக வேலை செய்தது. கம்ப்யூட்டரில் வரைந்து சோதித்தபோது பிழைகள் 0 என்று வந்தது. மகிழ்ச்சியுடன் பைலை அனுப்பி ஐந்து போர்டுகள் செய்து வாங்கினோம்.

ரிவ்யூவுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது போர்டுகள் வந்தன. ரிலேயின் ஐந்து கால்களில் மூன்று மட்டுமே துளைகளில் இறங்கின. வேறு வழியின்றி ரிலேயைத் தனியே வைத்து வயர் இழுத்தோம். அப்போதும் அது 'டிக்' என்று இழுக்கவில்லை. விடிய விடியத் தேடியதில், டிரான்சிஸ்டரின் கால் வரிசையே தவறு என்று தெரிந்தது. நல்லவேளையாக, அதனைத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது. ரிவ்யூவில் வயர் தொங்கிக் கொண்டிருந்த போர்டைத்தான் காட்டினோம். மற்ற நான்கும் குப்பைக்குப் போயின.

கம்ப்யூட்டர் ஏன் எச்சரிக்கவில்லை? அது நாம் வரைந்த கோடுகளை மட்டுமே சோதிக்கிறது. நாம் கடையில் வாங்கிய பாகத்தை அது பார்ப்பதில்லை. அந்த வேலை நம்முடையது.

எந்த சாப்ட்வேர்?

புதியவர்களுக்கு நான் சொல்வது கீகேட். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான்-பியர் ஷராஸ் என்பவர் 1992ல் இதனைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் இதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். டவுண்லோட் ஒரு ஜிபிக்கும் மேல் இருக்கும். எனவே இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்கியவுடன் ஒரு போல்டரில் மூன்று பைல்கள் இருக்கும். பெயரின் முடிவில் எஸ்சிஎச் என்றிருப்பது ஸ்கிமாட்டிக், அதாவது சர்க்யூட் படம். பிசிபி என்றிருப்பது போர்டு. பிஆர்ஓ என்றிருப்பது இரண்டையும் இணைக்கும் புராஜெக்ட் பைல். மூன்றையும் ஒரே போல்டரிலேயே வைத்திருங்கள். ஒன்றை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து கொண்டுபோய்த் தவிக்காதீர்கள்.

முதல் சர்க்யூட்

முதல் முயற்சிக்கு 230 வோல்ட் செல்லும் சர்க்யூட் வேண்டவே வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. விட்டு விட்டு எரியும் 555 டைமர் சர்க்யூட் போதும். ஒரு 555 ஐ.சி., 1 கே, 47 கே, 470 ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோபாரட், 0.01 மைக்ரோபாரட் கெபாசிட்டர்கள், ஓர் எல்.இ.டி., பேட்டரிக்கு ஒரு கனெக்டர். மொத்தம் எட்டே பாகங்கள். விளக்கு நொடிக்குச் சுமார் ஒன்றரை முறை மின்னும்.

ஸ்கிமாட்டிக் விண்டோவில் 'ஏ' கீயை அழுத்தினால் பாகங்களின் பட்டியல் கிடைக்கும். 'டபிள்யூ' கீ வயர் இழுக்க. 'ஆர்' கீ பாகத்தைச் சுழற்ற. வரையும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. கிரிட் அளவை மாற்றாதீர்கள். அது 1.27 மில்லிமீட்டரில் அமைந்திருக்கும். மாற்றினால் வயரின் முனை பாகத்தின் காலைத் தொடுவது போலத் தெரியும், உண்மையில் இணைந்திருக்காது.

2. இரண்டு வயர்கள் குறுக்கே செல்வது வேறு, இணைவது வேறு. இணையும் இடத்தில் ஒரு சிறு புள்ளி இருக்க வேண்டும்.

3. பயன்படுத்தாத கால் இருந்தால் அப்படியே விடாமல், 'கியூ' கீயை அழுத்திப் பெருக்கல் குறி வையுங்கள். மறந்து விட்டதல்ல, தெரிந்தே விட்டது என்று சாப்ட்வேருக்குச் சொல்வதாகும்.

பிழை இல்லாத பிழை

வரைந்து முடித்ததும் 'இன்ஸ்பெக்ட்' மெனுவில் 'எலக்ட்ரிகல் ரூல்ஸ் செக்கர்' என்பதைக் கிளிக் செய்திடுங்கள். புதியவர்கள் எல்லோரும் பயப்படும் ஒரு செய்தி இங்கே வரும். ஐ.சி.யின் பவர் காலுக்கு மின்சாரம் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லும். பேட்டரி கனெக்டரைத்தான் வரைந்திருக்கிறோமே என்று குழம்ப வேண்டாம். கனெக்டர் என்பது சாப்ட்வேரைப் பொறுத்தவரை வெறும் இரண்டு கால்கள். அதன் வழியாக மின்சாரம் வருகிறது என்று அதற்குத் தெரியாது. பிளஸ் வயரிலும் கிரவுண்ட் வயரிலும் 'பவர் பிளாக்' என்ற குறியை ஒவ்வொன்று வைத்துவிட்டால் செய்தி மறைந்துவிடும்.

கால்தடம்தான் முக்கியம்

ஸ்கிமாட்டிக்கில் ரெசிஸ்டர் என்பது ஒரு குறி மட்டுமே. அதற்கு நீளமோ அகலமோ கிடையாது. போர்டில் எத்தனை துளைகள், எவ்வளவு இடைவெளியில் வேண்டும் என்று சொல்வது புட்பிரிண்ட், அதாவது அந்தப் பாகத்தின் கால்தடம். ஒவ்வொரு பாகத்திற்கும் நாம்தான் இதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் ரிலே மாட்டிக்கொண்டது இங்கேதான். பாகத்தை வாங்கும் முன்பே, படத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

எனவே முதலில் பாகங்களை வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ, இன்டர்நெட் மூலமோ வாங்கலாம். பாகங்களை மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்த பிறகு புட்பிரிண்டைத் தேடுங்கள். கால் வாட் ரெசிஸ்டரின் உடல் நீளம் சுமார் 6.3 மில்லிமீட்டர், துளைகளின் இடைவெளி 10.16 மில்லிமீட்டர் வைத்தால் கால்கள் வசதியாக மடங்கும். 555 ஐ.சி.யில் அடுத்தடுத்த கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், இரு வரிசைகளுக்கு இடையே 7.62 மில்லிமீட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில இடங்களில் அளவு 'மில்' என்று இருக்கும். மில் என்றால் மில்லிமீட்டர் அல்ல. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மில் என்பது 2.54 மில்லிமீட்டர்.

டிரான்சிஸ்டரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி 547ல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் என்.பி.என். வகை, உருவமும் ஒன்றுதான், துளைகளும் சரியாகப் பொருந்தும். வரிசை மட்டும் தலைகீழ். 'எல்லாம் ஒன்றுதானே' என்று நாங்கள் 2என் 3904 குறியைப் போட்டு பிசி 547ஐ ஒட்டினோம். நீங்கள் வாங்கிய பாகத்தின் பெயரையே பட்டியலில் தேடி எடுங்கள். தயாரித்த கம்பெனியின் டேட்டாஷீட்டைத் திறந்து, கால் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்.இ.டி., எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் ஆகியவற்றில் பிளஸ், மைனஸ் பாருங்கள். கீகேட்டின் எல்.இ.டி. குறியில் 1ஆம் கால் கேத்தோடு, அதாவது மைனஸ் பக்கம்.

போர்டுக்கு மாற்றுதல்

போர்டு விண்டோவில் எப்8 கீயை அழுத்தினால் பாகங்கள் அனைத்தும் வந்து சேரும். எதை எதோடு இணைக்க வேண்டும் என்று மெல்லிய கோடுகள் காட்டும். பாகங்களை அடுக்கி, செம்புப் பாதைகளை வரைந்து, 'எட்ஜ் கட்ஸ்' என்ற லேயரில் போர்டின் வெளிக்கோட்டைப் போடுங்கள். முடிவில் 'டிசைன் ரூல்ஸ் செக்கர்' சோதனையையும் செய்திடுங்கள்.

இந்த லேஅவுட் வேலையை வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். புராஜெக்ட் மேனேஜரில் பைல் மெனுவில் உள்ள 'ஆர்கைவ் புராஜெக்ட்' மூலம் மொத்தப் போல்டரையும் ஸிப் செய்திடுங்கள். ஸ்கிமாட்டிக்கின் பிடிஎப், பாகங்களின் பட்டியல், டேட்டாஷீட்டுகள் ஆகியவற்றையும் சேருங்கள். போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், கனெக்டர் எந்த ஓரத்தில் வர வேண்டும், எந்த வயரில் அதிக மின்சாரம் பாயும் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அவர் ஊகித்துத்தான் செய்வார்.

ஒரே ஒரு தாள்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். போர்டு விண்டோவிலிருந்து 1:1 அளவில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்டர் செட்டிங்கில் 'பிட் டு பேஜ்' என்பது தேர்வாகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் தானாகச் சுருங்கிவிடும். 50 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த போர்டு தாளிலும் 50 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

சரியாக இருந்தால் தாளைத் தெர்மாகோல் மேல் வைத்து, நிஜப் பாகங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். கால்கள் குறியிட்ட இடத்தில் இறங்குகின்றனவா, இரண்டு பாகங்கள் இடிக்கின்றனவா, பேட்டரி வயருக்கு இடம் இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்திருந்தால் ஐந்து போர்டுகளும் தப்பியிருக்கும். ஆனால் டிரான்சிஸ்டரின் கால் வரிசையைத் தாள் காட்டிக் கொடுக்காது. அதற்கு டேட்டாஷீட்தான்.

எதை அனுப்புவது?

போர்டு செய்பவர்கள் பெரும்பாலும் கேட்பது கெர்பர் பைல்கள். ஒரு லேயருக்கு ஒரு பைல்: மேல் செம்பு, கீழ் செம்பு, இரு பக்கப் பச்சைப் பூச்சு, வெள்ளை எழுத்து, வெளிக்கோடு. துளைகளுக்கான டிரில் பைல் தனி பட்டனில் இருப்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் துளையே விழாது. எல்லாவற்றையும் ஸிப் செய்யும் முன், கீகேட்டுடன் வரும் கெர்பர் வியூவரில் திறந்து, துளைகள் செம்பு வட்டங்களின் நடுவில் அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸிப் பைலின் பெயரில் தேதியைச் சேர்த்துவிட்டால் பழையதை அனுப்பும் தவறு நேராது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள். முதல் போர்டில் பாகங்கள் அனைத்தும் பிசகாமல் இறங்கி, பேட்டரியை இணைத்ததும் எல்.இ.டி. மின்னும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை அனுபவித்தால்தான் தெரியும். செய்து பாருங்கள்.