இரட்டை அச்சா, தேய்ந்த அச்சா?

பழைய நாணயங்களைச் சேர்ப்போர் சிலவேளை எழுத்தோ இலக்கமோ இரட்டையாகத் தெரியும் நாணயமொன்றைக் கண்டு, புதையல் கிடைத்ததாக மகிழ்வர். ஆனால் இரட்டையாகத் தெரிவதெல்லாம் அரியதல்ல. லிங்கனின் உருவம் பொறித்த 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சத நாணயம் இதற்குச் சிறந்த சான்று.

நாணயத்தை அடிக்கும் அச்சு உருக்கினாலானது. அக்காலத்தில் மூல முத்திரையை அதன்மீது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தியே உருவத்தைப் பதித்தனர். பிலடெல்பியா நாணயச் சாலையில் ஓர் அச்சு, இரண்டாம் அழுத்தத்தின்போது சற்றுத் திரும்பியிருந்தது. ஆகவே எழுத்துகள் அதில் இருமுறை பதிந்தன. அந்த அச்சில் அடித்த நாணயங்களில் 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்தில் கலந்தன. இதுவே உண்மையான இரட்டை அச்சு.

அதே ஆண்டின் வேறு சில நாணயங்களிலோ கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும். அது அச்சுத் தேய்ந்ததன் விளைவு. ஓர் அச்சினால் இலட்சக்கணக்கில் அடிக்கும்போது உலோகம் உராய்ந்து, எழுத்தின் ஓரங்கள் அரிபடுகின்றன. சேகரிப்போர் இதனை 'ஏழையின் இரட்டை அச்சு' என்பர்.

வேறுபாட்டைக் காண ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். உண்மையானதில் இரு உருவங்களும் தெளிவாக மேலெழுந்து நிற்கும். எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும். ஆண்டும் வாசகங்களும் ஒரே திசையில் சுழன்று விலகியிருக்கும். தேய்ந்ததில் இரண்டாவது உருவம் தட்டையாக, நிழல்போல் மங்கிக் கிடக்கும், பிளவு இராது.

முன்னையது ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகும்; பின்னையது சில டொலர்களே பெறும். அறியாது வாங்குபவர் ஏமாறுகிறார். அறிந்தும் மறைத்து விற்பவர் ஏமாற்றுகிறார். நாணயம் சேர்ப்பவரிடம் நாணயமும் இருக்க வேண்டும்.