அரக்கனுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக்: ஜப்பானிய இருள் கதைகள் சென்னையில் எடுபடுவது ஏன்?

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஒரு ஜப்பானிய அனிமே படம் தமிழ்க் குரலோடு திரைக்கு வந்தது. பெயர் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்'. புதிதாகப் பார்ப்பவருக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டாத படம் அது. கதை நடுவிலிருந்து தொடங்கும். முன்கதைச் சுருக்கம் கிடையாது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தாலும் முடிவு வராது, ஏனென்றால் மூன்று படங்களில் இது முதல் பாகம் மட்டும்தான். ஆனாலும் இந்தியாவில் அதுவரை எந்த அனிமே படமும் பார்க்காத வசூலை அது பார்த்தது.

"கார்ட்டூன் படத்துக்கா இவ்ளோ காசு?" என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். படம் முழுக்கக் கழுத்து வெட்டு, கை வெட்டு. 'சின்சான்', 'டோரேமான்' எல்லாம் டிவியில் தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது தி.நகரில் ரூம் எடுத்துத் தங்கி, வேலை முடிந்து வந்து 'ஜுஜுட்சு கைசென்' ஓட்டுகிறார்கள். பாண்டி பஜார் நடைபாதையில் தொங்கும் டி-ஷர்ட்களில் தலைவர், தளபதிக்குப் பக்கத்தில் கண்கட்டிய மந்திரவாதி கோஜோ நிற்கிறார். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்ததும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

பேய், ரத்தம், சாபம் எல்லாம் நமக்குப் புதுசா என்ன? இல்லவே இல்லை. அப்போ எது இழுக்கிறது?

முதலில் இரண்டு சொல்

பெசன்ட் நகர் பீச்சில் மாங்கா என்றால் உப்பு, மிளகாய்த்தூள். ஜப்பானில் மாங்கா என்றால் காமிக்ஸ், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது. அது அசையும் படமானால் அனிமே. இரண்டுமே வடிவத்தின் பெயர்கள். வகையின் பெயரோ வயதின் பெயரோ அல்ல. 'டோரேமான்' அனிமே என்றால், ஒரு ஊரே சுழல் வடிவத்தின் மீது பித்துப் பிடித்து உடம்பு முறுக்கிச் சாகும் 'உஸுமாகி'யும் அனிமேதான். இந்தக் குழப்பத்தால் வரும் சிக்கலைக் கடைசியில் பார்ப்போம்.

'டார்க் ஃபேண்டஸி' என்பது மந்திர உலகக் கதைதான், ஆனால் அங்கே நல்லவனுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஜெயித்தாலும் ஏதாவது ஒன்றை இழந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அகாஸா என்ற அரக்கன்

படம் இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கதை உடையும்.

'இன்ஃபினிட்டி காஸில்' படத்தின் உயிர் கடைசி முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. அகாஸா என்ற அரக்கன், முந்தைய படமான 'முகென் ட்ரெய்ன்' முடிவில் ரசிகர்களின் செல்லமான ரெங்கோக்குவைக் கொன்றவன். ஐந்து வருஷமாக எல்லோரும் பழிவாங்கக் காத்திருந்த ஆள். கதாநாயகன் தன்ஜிரோ ஒருவழியாக அவன் கழுத்தை வெட்டுகிறான். கைதட்ட வேண்டிய இடம். அங்கேதான் படம் திரும்பி அகாஸாவின் பழைய கதைக்குள் போகிறது.

மனிதனாக இருந்தபோது அவன் பெயர் ஹக்குஜி. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்க ஜேப்படி அடித்த பையன். பிடிபட்டு, குற்றவாளி என்று கையில் பச்சை குத்தப்பட்டவன். மகன் தன்னால் திருடனாவதைத் தாங்க முடியாமல் அப்பா தூக்கில் தொங்குகிறார். பிறகு ஒரு சண்டைப் பயிற்சி ஆசான் அவனை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். ஆசானின் மகள் கொயுகி நோயாளி. அவளைப் பார்த்துக்கொள்வதுதான் இவன் வேலை. அவள் தேறுகிறாள், இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் பொறாமையில் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள். ஆசானும் கொயுகியும் சாகிறார்கள். ஹக்குஜி அந்தப் பள்ளிக்குள் புகுந்து 67 பேரை வெறுங்கையால் கொல்கிறான். அந்த ரத்தத்தோடு நிற்பவனை அரக்கர் தலைவன் முஸான் அரக்கனாக்குகிறான். நினைவெல்லாம் அழிகிறது.

சண்டைக்கு முன் தரையில் விரியும் பனிப்பூ வடிவத்தை ரசிகர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அது கொயுகி தலையில் செருகியிருந்த ஊசியின் வடிவம். அவனுக்கே மறந்துபோன ஒன்றை அவன் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது. நினைவு திரும்பியதும் அவன் சண்டையை நிறுத்தித் தன்னையே அழித்துக்கொள்கிறான்.

நம்ம பேய்க்கும் இருக்கே ஃப்ளாஷ்பேக்?

இருக்கிறது. இங்கேதான் சென்னை ரசிகனுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடுகிறது என்று நினைக்கிறேன். பேய்ப்படம் என்றால் இடைவேளைக்குப் பிறகு பேயின் கதை வரும் என்பது நமக்குத் தாய்ப்பால் போல. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) நினைவிருக்கும். நிலத்துக்காகக் கொன்று புதைக்கப்பட்ட திருநங்கை காஞ்சனாவாக சரத்குமார் வரும் அந்தப் பகுதிதான் படம். அதுவரை பயந்தவர்கள் அதற்குப் பிறகு பேயின் கட்சி. வில்லன் செத்தால்தான் டிக்கெட் காசு வசூல்.

அகாஸா கதையும் பாதி தூரம் இதே வண்டியில்தான் போகிறது. ஆனால் இறங்கும் இடம் வேறு. காஞ்சனாவின் ஃப்ளாஷ்பேக் அவளுக்கு நியாயம் தருகிறது, கணக்குத் தீர்கிறது. அகாஸாவின் ஃப்ளாஷ்பேக் அவன் செய்த எதையும் சரியாக்குவதில்லை. ரெங்கோக்கு திரும்பி வரப்போவதில்லை. அவன் போக வேண்டிய இடம் நரகம்தான், கொயுகியும் கூடவே வந்து கட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான். வெட்டவும் வேண்டும், அழவும் வேண்டும்.

தமிழில் இப்படி யாருமே செய்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பழிவாங்காத பேயின் கதை. தன் சாவுக்குக் காரணமானவனையே அது பாதுகாக்கிறது. ஆழ்வார்ப்பேட்டையில் இருட்டினால் ஆட்டோக்காரர்கூட யோசிப்பார் என்று கதை கட்டப்பட்ட தெருவை வைத்து அஜய் ஞானமுத்து எடுத்த 'டிமான்ட்டி காலனி' (2015), நண்பர்கள் யாரையும் காப்பாற்றாமல் முடிந்தது. இரண்டையும் ரசித்தவருக்கு ஜப்பானிய இருள் கதை அந்நியமாகத் தெரியாது.

மயிலாப்பூர் குடமும் 35 லிட்டர் தண்ணீரும்

கணக்குத் தீர்வது என்றால் என்ன என்பதற்கு மயிலாப்பூரிலேயே ஒரு பழைய கதை உண்டு. பெரியபுராணம் சொல்வது: வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். எரித்த பிறகு எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு வைத்திருந்தார் அப்பா. திருஞானசம்பந்தர் வந்தார், கபாலீசுவரர் கோயிலின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போவாய் என்று பாடினார். குடம் உடைந்து பெண் எழுந்து வந்தாள். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலாவுக்கு முன்பாக, இன்றைக்கும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' (2001–2010) படித்தால் வயிற்றைப் பிசையும். செத்துப்போன அம்மாவைத் திரும்பக் கொண்டுவர இரண்டு சிறுவர்கள் முயல்கிறார்கள். பாட்டுக்குப் பதில் அவர்களிடம் இருப்பது மளிகைச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல்: தண்ணீர் 35 லிட்டர், கார்பன் 20 கிலோ, அமோனியா 4 லிட்டர், இப்படி. எழுந்து வருவது அம்மா அல்ல. உருவமில்லாத ஏதோ ஒன்று. அண்ணனுக்கு ஒரு கால் போகிறது, தம்பிக்கு முழு உடம்பும் போகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்துக்குள் இழுத்து வைக்க அண்ணன் தன் கையையும் கொடுக்கிறான். சிவநேசர் வைத்திருந்த அதே ஆசைதான் இந்தச் சிறுவர்களுக்கும். பக்தி நின்ற இடத்தில் இங்கே ரசாயனம் நிற்கிறது, அதற்குக் கருணை கிடையாது.

வேண்டியவர் ஒருவரை பெசன்ட் நகர் மயானத்திலோ கண்ணம்மாபேட்டையிலோ விட்டுவிட்டு வந்து, மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தவர்களுக்கு இதில் எந்தக் கதை நெருக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும்.

ஓவர்டைம் மந்திரவாதி

இருபதுகளின் கடைசியில் இருப்பவர்களை இழுக்கும் இன்னொரு விஷயம், இந்தக் கதைகளில் பேயோட்டுவதும் ஒரு வேலை. சம்பளம், மேலதிகாரி, டிரான்ஸ்ஃபர் எல்லாம் உண்டு.

கெகெ அகுதாமியின் 'ஜுஜுட்சு கைசென்' (2018–2024) கதையில் சாபங்கள் வானத்திலிருந்து வருவதில்லை. மனிதர்களின் பயம், பொறாமை, வெறுப்பு கசிந்து சேர்ந்து உருவாகின்றன. அதனால் பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில்தான் கூட்டம் அதிகம். அதில் நனாமி என்று ஒருவர். கோட், டை, கண்ணாடி. கார்ப்பரேட் வேலையில் இருந்துவிட்டு, அது இன்னும் அர்த்தமில்லாதது என்று சாபம் ஓட்ட வந்தவர். வேலை நேரம் முடிந்த பிறகு அவர் சக்தி கூடும். அந்த உத்திக்குப் பெயரே ஓவர்டைம். அடையாறிலிருந்து தினமும் ஓ.எம்.ஆர். போய் வருபவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தத்ஸுகி ஃபுஜிமோட்டோவின் 'செயின்சா மேன்' இன்னும் மோசம், நல்ல அர்த்தத்தில். டென்ஜி என்ற பையன் அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைக்கத் தன் கிட்னியையும் ஒரு கண்ணையும் விற்றவன். பிசாசு வேட்டை அவனுக்கு லட்சியம் இல்லை, ஈ.எம்.ஐ. ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட வேண்டும் என்பதுதான் பெரிய கனவு. அங்கே பிசாசுகளின் பலம் மனிதர்கள் அவற்றின் பெயருக்கு எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கரப்பான்பூச்சிக்கு ஒரு பலம், துப்பாக்கிக்கு வேறு பலம்.

ஜப்பானில் இது எங்கிருந்து வந்தது?

பேய்ப் பட்டியல் போடுவது அவர்களுக்குப் பழைய பழக்கம். 1776-லேயே தொரியாமா செகியென் என்ற ஓவியர் நாட்டார் பேய்களை வரிசையாக வரைந்து புத்தகம் போட்டார். அந்த வரிசையை நவீன காலத்துக்குக் கொண்டுவந்தவர் 'கெகெகெ நோ கிடாரோ' வரைந்த ஷிகெரு மிஸுகி. இரண்டாம் உலகப் போரில் நியூகினி பக்கம் ரபாவுலில் இடது கையை இழந்து ஊர் திரும்பியவர். மிச்சமிருந்த ஒரு கையால் 93 வயது வரை வரைந்தார். போரை நேரில் பார்த்தவருக்குப் பேய்கள் அன்பானவையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. 1972-இல் கோ நாகாயின் 'டெவில்மேன்' வந்தபோது பிசாசைவிட மனிதக் கும்பல்தான் பயங்கரம் என்ற இடத்துக்குக் கதை போய்விட்டது.

திகிலில் இன்றைய பெரிய பெயர் ஜுன்ஜி இட்டோ. பல் கட்டும் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டே 1987-இல் 'தொமியே' வரைந்து அறிமுகமானவர். அவர் படங்களில் சதையும் எலும்பும் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றும்.

டார்க் ஃபேண்டஸிக்கு மூலவிக்கிரகம் என்றால் 'பெர்செர்க்'. கென்டாரோ மியூரா 1989-இல் தொடங்கி, முடிக்காமலேயே 2021 மே 6 அன்று 54 வயதில் இறந்தார். முடிவை அவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தார்: பள்ளித் தோழரும் மாங்கா ஓவியருமான கோஜி மோரி. 2022 முதல் மோரி தன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, மியூராவின் உதவியாளர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

'கார்ட்டூன்தானே' என்று ஏழு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பதில் சிக்கல் இருக்கிறது. 'ஷோனென்' என்றால் சிறுவர் பத்திரிகையில் வந்தது, 'செய்னென்' என்றால் வயதுவந்த ஆண்களுக்கான பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான்; பத்திரமா இல்லையா என்று அது சொல்லாது. 'டீமன் ஸ்லேயர்' சிறுவர் பத்திரிகையில் வந்த கதைதான், முதல் அத்தியாயத்திலேயே ஒரு குடும்பம் முழுக்கக் கொல்லப்படுகிறது. 'முகென் ட்ரெய்ன்' படத்துக்கு ஜப்பானில் 12 வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்று சான்றிதழ்; அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாத 'ஆர்'. நம் தணிக்கை வாரியமும் 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. டிக்கெட் புக் செய்யும் ஆப்பில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். அதைப் பாருங்கள்.

பெரியவர்கள் புதிதாகத் தொடங்குவதென்றால் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' நல்ல வாசல், 64 எபிசோடுகள், முறையான முடிவு உண்டு. தமிழில் கேட்க வேண்டுமென்றால் க்ரஞ்ச்சிரோலில் 'ஜுஜுட்சு கைசென்' இருக்கிறது. ஜுன்ஜி இட்டோவை அச்சில் படியுங்கள், பக்கம் திருப்பும்போதுதான் அவர் அடிப்பார். 'பெர்செர்க்' பிறகு. அதில் போரும் பாலியல் வன்முறையும் எந்தத் திரையும் இல்லாமல் வருகின்றன. மனசு சரியில்லாத வாரத்தில் அதைத் திறக்காதீர்கள்.